தொடாமல் எடுத்த ஃபோல்டர்

ஆயுத பூஜையன்று காலை சென்னையிலிருந்து எங்கள் வீட்டுக்கு போன் வந்தது. ஒரு பத்திரிகை அலுவலகம். பக்க வடிவமைப்புக்கு ஆள் எடுக்கிறார்களாம். "நாளைக்கு விஜயதசமி, நல்ல நாள். செஞ்ச டிசைனெல்லாம் எடுத்துக்கிட்டு நேர்ல வாங்க" என்றார்கள். நான் விண்ணப்பம் போட்டு மாதக்கணக்கில் ஆகியிருந்தது. விண்ணப்பம் போட்ட சமயம் எங்கள் வீட்டில் போன்கூடக் கிடையாது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

செய்த டிசைனெல்லாம் திண்டுக்கல்லில் நான் வேலை பார்த்த டி.டி.பி. கடைக் கம்ப்யூட்டரில் கிடந்தன. கல்யாணப் பத்திரிகைகள், அகரத்துத் திருவிழா நோட்டீஸ், பிரியாணிக் கடை விளம்பரம். அவை இல்லாமல் சென்னைக்குப் போய் என்னத்தைக் காட்டுவது? ராத்திரிக்குள் பஸ் ஏற வேண்டும். எங்கள் ஊர் சின்னாளபட்டியிலிருந்து திண்டுக்கல்லுக்கு அடித்துப் பிடித்து ஓடினேன்.

போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டர் சாமியாகியிருந்தது. திரையில் சரஸ்வதி படம், மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம், கீபோர்டு முழுக்க மல்லிகைப்பூ. விளக்கைப் போல அதுவும் அணையக் கூடாதென்று கடைக்கார அக்கா ஓடவிட்டிருந்தார்.

"அக்கா, ஒரே ஒரு ஃபோல்டர் எடுத்துக்கிறேன்."

"ஏண்டி, பூஜையில வச்சதைத் தொடுவாங்களா? நாளைக்கு மறுபூஜை முடியட்டும்."

"அவசரம்க்கா."

"அப்படி என்னடி அம்புட்டு அவசரம்?"

வேறு வேலைக்குப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? கடையில் டிசைன் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தெரிந்தால் விடவே மாட்டார் என்று பயந்தேன். சாமியாவது பூதமாவது என்று கத்தத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் சுவரில் போட்டிருந்த ஓட்டை கண்ணில் பட்டது. பக்கத்து போட்டோ ஸ்டூடியோ பாயும் நாங்களும் ஒரே பிரிண்டரை வைத்துக்கொள்ள அது வழியாக வயர் இழுத்து இரண்டு கம்ப்யூட்டரையும் இணைத்திருந்தோம்.

"தொடாம எடுத்தா பரவாயில்லையாக்கா?"

"தொடாம எப்படிடி எடுப்ப? எடுத்துருவன்னா எடுத்துக்க."

பாய் கடை திறந்திருந்தது. "என்னம்மா, நல்ல நாளும் அதுவுமா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றபடி நாற்காலியைக் காலி செய்து கொடுத்தார். நெட்வொர்க் படத்தை அமுக்கினேன். திரையில் ஒரு டார்ச் லைட் அங்குமிங்கும் ஆடித் தேடியதே தவிர எங்கள் கம்ப்யூட்டர் வந்தபாடில்லை. இது வேலைக்காகாது என்று கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்தேன். அடுத்த கம்ப்யூட்டரோடு இணைக்கும் 'நெட் யூஸ்' கட்டளையை அடித்து, எங்கள் கம்ப்யூட்டரின் பெயரையும் ஃபோல்டரின் பெயரையும் நடுவில் சாய்கோடு போட்டுக் கொடுத்தேன். பிழை என்றது. மறுபடி அடித்தேன். மறுபடியும் பிழை. இன்னும் வேகமாகத் தட்டினேன்.

"செத்த நேரம் மூச்சு விட்டுட்டு அடிம்மா" என்றார் பாய். நிதானமாகப் பார்த்தால், அவசரத்தில் சாய்கோடுகளை எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்த்திருந்தேன். போடி கூறுகெட்டவளே என்று என்னையே திட்டிக்கொண்டு மாற்றிப் போட்டேன். கட்டளை நிறைவேறியது என்று ஒரு வரி வந்தது. அப்பாடா! காப்பி கொடுத்ததும் மொத்த ஃபோல்டரும் இந்தப் பக்கம் வரத் தொடங்கியது.

சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா காவல் நின்றார். "ஏண்டி, இங்க ஒண்ணுமே அசையலையே! பூகூட வச்ச எடத்துலதான் இருக்கு. பொட்டியில லைட்டு மட்டும் மினுங்குது."

"வந்துருச்சுக்கா, எல்லாம் வந்துருச்சு!"

பாய் எல்லாவற்றையும் ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தார். எனக்கு அப்போதுதான் பசித்தது. அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். பொரிகடலைப் பொட்டலத்தைக் கையில் திணித்தார்.

"வச்சுக்க. சென்னை போய்ச் சேர்ற வரைக்கும் பசிக்கும்ல."

தூக்கிவாரிப் போட்டது. "சென்னைன்னு யாருக்கா சொன்னா?"

"நீ விண்ணப்பத்துல எழுதுனது கடை நம்பர்தானே? போன் முதல்ல இங்கதான்டி வந்துச்சு. உன் வீட்டு நம்பரக் குடுத்தது யாருன்னு நெனச்ச? சாமியத்தான் தொடாதன்னேன். உன்னப் போகாதன்னு சொன்னேனா?"

அவரைக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் வேலை கிடைத்ததும் முதல் போன் கடைக்குத்தான் போட்டேன்.

"மறுபூஜை முடிஞ்சிருச்சுடி" என்றார் அக்கா. "இனி நம்ம கம்ப்யூட்டர நீ எப்ப வந்தாலும் தாராளமாத் தொடலாம்."