கோமதிநாயகம் அண்ணாச்சியின் பாட்டில் நான் அழித்த பெயர்

செவ்வாய்க்கிழமை காலை, கடையில் ஒரு செல்போனைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். தறிக்காரத் தெருவிலிருந்து அழைப்பு வந்தது. "அண்ணாச்சி போயிட்டாக." எந்த அண்ணாச்சி என்று நான் கேட்கவில்லை. சங்கரன்கோவில் தறிக்காரர்கள் பெயர் சொல்லாமல் அண்ணாச்சி என்றால், அது பாட்டுக்காரர் கோமதிநாயகம் அவர்கள்தான்.

இந்த இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். என்னால் வாயைத் திறக்க முடியாது. துக்கம் தொண்டையை அடைத்ததால் அல்ல, உதட்டில் ஐந்து தையல். ஆகவே எழுதித் தருகிறேன். வாசிப்பவர் கொஞ்சம் உரக்க வாசிக்கவும். அவர் தறிச் சத்தத்துக்கு மேலே பாடியவர்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் விசைத்தறியில் வேலை பார்த்தார். லீவு நாளில் தேரடியில் கஞ்சிராவோடு நின்று கொலைச்சிந்து பாடுவார். சுற்றுவட்டாரத்தில் கொலை விழுந்தால், செத்தது யார், கொன்றது யார், எந்த இடம் என்று பாட்டாகக் கட்டுவார். வானொலி அவரைக் கூப்பிட்டதில்லை. எந்த மேடையிலும் அவருக்குச் சால்வை விழுந்ததில்லை. அப்போது என் கடை கேசட் கடையாக இருந்தது. முதன்முதலாகப் பதிவுக்கு வந்தவர் வாயைத் திறந்ததும் மெஷினில் சத்த அளவு காட்டும் முள் எகிறியது. கொஞ்சம் மெதுவாகப் பாடச் சொன்னேன். "மெதுவாச் சொல்லுதுக்கு இது என்ன ரகசியமா வே? மைக்கை வேணா அங்கன தள்ளி வையும்" என்றார். தள்ளி வைத்தேன்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலம்மாள் என்ற அம்மா அவரைத் தேடித் தறிக்கூடத்துக்கு வந்தார். கரிவலம்வந்தநல்லூருக்கு அந்தப் பக்கத்துச் சிற்றூர். கணவர் இல்லை. ஒரே மகள் முத்துச்செல்வி, வேறு சாதிப் பையனைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டாள். அவளுடைய பெரியப்பன் இரண்டு ஆட்களோடு வீட்டுக்குள் நுழைந்து, தாயை உள்ளறையில் போட்டுப் பூட்டிவிட்டு, பிள்ளையின் கைகாலைப் பிடித்து, வாயைப் பிளந்து, பருத்திக்கு அடிக்கிற மருந்தை ஊற்றினான். கதவிடுக்கு வழியாகத் தாய் எல்லாவற்றையும் பார்த்தார். வயிற்றுவலி தாங்காமல் மருந்து குடித்தாள் என்று போலீஸில் எழுதி முடித்துவிட்டார்கள்.

"ஏறாத படியெல்லாம் ஏறிட்டேன். ஒருத்தரும் எழுதிக்கிட மாட்டேங்காக. நீங்களாச்சும் பாட்டாக் கட்டுங்க அண்ணாச்சி" என்றார் அந்தத் தாய். அண்ணாச்சி அன்றைக்கே தறியை நிறுத்திவிட்டு வந்து, மூன்று நாள் உட்கார்ந்து பாட்டைக் கட்டினார். நான்காம் நாள் என் கடையில் பாடினார்.

ஆறு கையி புடிச்சதம்மா
அண்ணாந்து வாயைப் பொளந்ததம்மா
ஊத்துன கை யாரு கைன்னு
ஊரு கேட்டாச் சொல்லுதேன்

அடுத்து ஒரே ஒரு சொல். அந்தப் பெரியப்பனின் பெயர். இந்தக் கட்டுரையிலும் அது வரவேண்டிய இடத்தில் வரும். மற்றவர்களை 'அவர்' என்று எழுதுகிற எனக்கு, அவனை அப்படி எழுதக் கை வரவில்லை.

கேசட் வெளிவந்த பத்தாம் நாள், பட்டப்பகலில் அவன் மூன்று பேரோடு வந்தான். அண்ணாச்சி என் கடையில்தான் இருந்தார். கஞ்சிராவைக் காலால் மிதித்துக் கிழித்தார்கள். அவருடைய வலது கையை என் மேசைமேல் வைத்து அழுத்திப் பிடித்தார்கள். ஒருவன் இரும்புக் குழாயை ஓங்கினான். "பேரை எடுத்துட்டுப் பாடு, விட்டுருதேன்" என்றான் அவன்.

"மாட்டேன்" என்றார். குழாய் இறங்கியது. விரல்கள் உடைந்த சத்தத்தை நான் கேட்டேன். மறுபடி கேட்டான்.

"பேரை எடுத்துட்டா, அவ தானாக் குடிச்சான்னு ஆயிரும்லா? அதைப் பாடவா நான்?"

இரண்டாவது அடியில் மணிக்கட்டு போனது. கேசட்டுகள் மேலெல்லாம் ரத்தம். நான் மேசைக்கு இந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ என்னலே சொல்லுத?" என்றான். என் கையை எடுத்து வைக்கும்வரை நான் காத்திருக்கவில்லை. "அழிச்சிருதேன்" என்றேன். அன்று சாயங்காலமே மூலப்பதிவில் அந்தச் சொல் வருகிற மூன்று விநாடியை அழித்தேன். அதற்குப் பிறகு போட்ட பிரதி எல்லாவற்றிலும் அந்த இடம் ஊமை.

இரண்டு மாதம் கழித்து, மடங்காத மூன்று விரல்களோடு வந்து பாட்டைப் போடச் சொன்னார். கேட்டார். "ஜெபராசு, என் கையை ஒடிச்சவன் ஒடிக்கத்தான் வந்தான். நீரு எதுக்கு வே இப்படிப் பண்ணினீரு?" என்றார். பிள்ளைகுட்டிக்காரன் என்று ஏதோ உளறினேன். "சரி வே. ஒரே ஒரு தடவை, அந்த இடம் வரும்போது உம்ம வாயால சொல்லும். நான் கேக்கணும். பொறவு நமக்குள்ள ஒண்ணுமில்ல."

"சொல்லுதேன் அண்ணாச்சி" என்றேன். சொல்லவில்லை.

நான் அழித்தது வேறு விதமாக வேலை செய்துவிட்டது. முதல் பத்து நாள் விற்ற கேசட்டிலேயே எல்லாரும் பெயரைக் கேட்டிருந்தார்கள். தறிக்கூடங்களில் அந்தப் பாட்டு ஓடும்போது, ஊமை இடம் வந்தால் தொழிலாளர்கள் எல்லாரும் சேர்ந்து பெயரைக் கத்துவார்கள். கேசட் போய் செல்போன் வந்தது, பாட்டு போகவில்லை. குருவிகுளம் பக்கம் ஆடு மேய்க்கிற ஒருவர் வாரம் தவறாமல் வந்து, அதை அண்ணாச்சி வாயால் நேரில் கேட்டுவிட்டுப் போவார். கடையநல்லூர்க்காரர் ஒருவர், வளைகுடாவில் தன் அறையிலிருக்கும் எட்டுப் பேரும் சேர்ந்து கத்துவதைப் பதிந்து அனுப்பினார். அண்ணாச்சி அதைப் பத்துத் தடவை கேட்டுச் சிரித்தார்.

கை உடைந்த பிறகு அவரால் தறி ஓட்ட முடியவில்லை. இடது கையால் தார்க்குச்சிகளில் நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தார். தினமும் என் கடைக்கு வந்து டீ குடிப்பார். என்னிடம் இரண்டாம் முறை கேட்டதே இல்லை. ஆனால் எங்காவது அந்தப் பாட்டு கேட்டால், அவர் கண் என் வாய்க்கு வரும். நான் ஸ்குரூ தேடுவதுபோலக் குனிந்துகொள்வேன். வெட்கங்கெட்ட பிழைப்பு.

செவ்வாய்க்கிழமை தெருவில் தறி ஒன்றும் ஓடவில்லை. அவரை வாசலில் கிடத்தியிருந்தார்கள். ஸ்பீக்கரில் அவர் பாட்டு. வேலம்மாள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். அப்போது வெள்ளைக் கார் வந்து நின்றது. அவன் இறங்கினான், கையில் ரோஜா மாலை, பின்னால் மூன்று பேர். ஊர்ச் சாவுக்கெல்லாம் போகிற பெரிய மனுஷன் ஆகிவிட்டான். கூட்டம் வழிவிட்டது. ஸ்பீக்கரில் 'ஊரு கேட்டாச் சொல்லுதேன்' வந்தது.

மூன்று விநாடி. தறிக்கூடத்துக்குள் கத்துகிற ஒரு வாயும் அவன் முகத்துக்கு நேரே திறக்கவில்லை. அவன் சிரித்துக்கொண்டே மாலையைத் தூக்கினான். அண்ணாச்சியின் தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். என் வாயை யாரும் கட்டவில்லை.

"சுடலையாண்டி" என்றேன். எனக்கே கேட்காததுபோல இருந்தது. இன்னொரு தடவை கத்தினேன். "சுடலையாண்டி!"

மோதிரம் போட்ட கை என் உதட்டில் விழுந்தது. பல் ஒன்று போனது. கீழே கிடந்தவனை மிதித்தார்கள். வேலம்மாள் எழுந்து வந்து, அவன் கையிலிருந்த மாலையைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தார். பிறகு ஸ்பீக்கர் பக்கம் திரும்பி, "மொதல்லேருந்து போடுங்கய்யா" என்றார்.

போட்டார்கள். இந்த முறை அந்த இடம் வந்தபோது தெருவே சொன்னது. மிதித்த கால்கள் நின்றன. அவன் காரில் ஏறிப் போனான்.

அண்ணாச்சி, சொல்லிவிட்டேன். கேட்கத்தான் நீங்கள் இல்லை. நீங்கள் கேட்டது ஒரே ஒரு தடவை, அதையும் நீங்கள் செத்த பிறகுதான் என்னால் தரமுடிந்தது. இதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. சனிக்கிழமை தையல் பிரிக்கிறார்கள். அன்றைக்கு மைக்கைத் தூரத் தள்ளி வைத்து, அந்த மூன்று விநாடியில் என் குரலைப் பதிந்து வைப்பேன். போய் வாருங்கள்.