அளவு ஜாக்கெட் கொடுத்துத் தைத்த சட்டை

மைசூர் ஹெப்பாளில் கண்ணாடி கண்ணாடியாக நிற்கிற கட்டிடங்களில் எத்தனைக்கு என் ஆட்கள் கல்லும் மண்ணும் சுமந்திருக்கிறார்கள் என்று என்னாலேயே எண்ணிச் சொல்ல முடியாது. என்னிடம் இன்று வேலை செய்கிற பெண்களை ஏற்ற ஒரு வண்டி போதாது. நான் படித்தது நாலாவது வரைக்கும்தான், அதுவும் கன்னடப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்தை வாரப் பத்திரிகையில் விரல் வைத்து நானே கற்றுக்கொண்டேன். எழுத்தில் பிழை இருந்தால் இருக்கட்டும். சொல்வதில் பிழை கிடையாது.

என் மகள் அந்தக் கட்டிடங்களில் ஒன்றில்தான் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வேலை பார்க்கிறாள். காலையில் கம்பெனி பஸ் வருவதற்குள் பீரோ முன்னால் அவள் படுகிற பாட்டைப் பார்க்க வேண்டும். இது கழுத்து இறக்கம், இது வெளிச்சத்தில் உடம்பு தெரிகிறது, இது கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருக்கிறது, இதைப் போட்டால் மீட்டிங்கில் சின்னப் பெண் என்று நினைக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போடுவாள். ஒரு நாள் எரிச்சலில், "உனக்கென்னம்மா, ஒரு சட்டையை மேல மாட்டினா முடிஞ்சுது" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது.

அந்த ஒரு சட்டையை மேலே மாட்ட நான் பட்டது அவளுக்குத் தெரியாது. அப்போது அவளுக்கு மணல் குவியலில் விளையாடுகிற வயசு.

எங்களுக்குச் சொந்த ஊர் கௌதள்ளி, தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற கர்நாடகக் கிராமம். கல்யாணமான மறு வருஷமே நானும் வீட்டுக்காரரும் மைசூருக்குக் கட்டிட வேலைக்கு வந்துவிட்டோம். அவர் கொத்தனார், நான் சித்தாள். சித்தாள் பெண்கள் சேலைக்கு மேலே ஆண் சட்டை போட்டிருப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஏன் என்று கேட்டிருக்க மாட்டீர்கள். தலையில் கலவை நிறைந்த இரும்புப் பாண்டு. ஒரு கை பாண்டில், ஒரு கை சாரத்து மூங்கிலில். முந்தானை நழுவினால் இழுத்துவிட மூன்றாவது கை கிடையாது. மேலே நிற்கிறவன் கண் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்குத்தான் சட்டை. வெயிலும் சிமெண்டும் அதற்கு அப்புறம்.

அது புருஷனுடைய பழைய சட்டையாகத்தான் இருக்கும். கல்யாணம் ஆகாதவள் அப்பாவுடையதையோ அண்ணனுடையதையோ போடுவாள். யாரும் இதைச் சட்டமாகச் சொல்லவில்லை. ஆனால் ஒருத்தி போட்டிருப்பதைப் பார்த்தே அவள் யார் வீட்டுப் பெண் என்று சைட்டில் தெரிந்துவிடும். என் வீட்டுக்காரர் நல்ல உயரம். அவர் சட்டை எனக்கு முட்டி வரைக்கும் வரும். கையை நாலு மடிப்பு மடித்துத்தான் போடுவேன்.

மஞ்சள் காமாலையில் அவர் போனார். ஊரில்தான் காரியம் செய்தோம். பிறந்த வீட்டுக் கோடி என்று என் அண்ணன் வெள்ளைச் சேலை கொண்டுவந்தார். போனவருடைய துணிமணியைப் பெரியவர்கள் மூட்டை கட்டி ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். நான் வேலைக்குப் போட்டுப் போன சட்டையும் அந்த மூட்டையில் போனது. அது என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடையதுதானே.

மாமியார் அங்கேயே இருக்கச் சொன்னார். இருந்தால், வீட்டுக்காரரின் அண்ணன் காட்டில் களை பிடுங்கி, அவர்கள் போட்டதைச் சாப்பிட்டு, என் இரண்டு பிள்ளைகளும் என்னைப் போலவே நாலாவதோடு நின்றிருக்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மைசூருக்குப் பஸ் ஏறினேன். சைட்டிலேயே எங்களுக்குத் தகரக் கொட்டகை இருந்தது. வேலை இருக்கிற வரைக்கும்தான் கொட்டகை. வேலை போனால் மறுபடி அந்த வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

முதல் நாள் வெள்ளைச் சேலையோடுதான் வேலைக்குப் போனேன். எவ்வளவு இறுக்கிச் செருகினாலும் புதுச் சேலை நிற்கவில்லை. பாண்டிலிருந்து தண்ணீர் சொட்டி, தோளெல்லாம் நனைந்து, வெள்ளைத் துணி உடம்போடு ஒட்டிக்கொண்டது. சாரத்தில் பாதி ஏறும்போது முந்தானை நழுவியது. மேலே ஒரு கொத்தனார் சிரித்தான். நான் முந்தானையைப் பிடித்தேன், பாண்டு கீழே போனது. நல்ல வேளை, அடியில் யாரும் இல்லை.

மேஸ்திரி கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "மேல ஏதாவது போட்டுக்கிட்டு வந்தா ஏறு. இல்லேன்னா ஏறாத. யாராவது செத்தா நான்தான் பதில் சொல்லணும்."

பக்கத்துக் கொட்டகை அக்கா தன் வீட்டுக்காரருடைய பழைய சட்டை ஒன்றைக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு மறுநாள் ஏறினேன். அரை நாள் கூட ஆகவில்லை. அவர் சட்டை இங்கே எப்படி வந்தது என்று ஒருத்தர் கேட்க, இன்னொருத்தர் சிரிக்க, மத்தியானம் அந்த அக்காவே வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டையைத் திருப்பிக் கேட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று தெரியும்.

அன்றைக்கு உட்கார்ந்து யோசித்தேன். போனவர் சட்டை ஆற்றோடு போனது. உயிரோடு இருக்கிறவன் சட்டையை வாங்கிப் போட்டால் இந்தப் பேச்சு. அண்ணன் சட்டையை எடுத்தால் அண்ணி விடமாட்டாள். அப்படியானால் எந்த ஆம்பளையுடையதாகவும் இல்லாத ஒரு சட்டை எனக்கு வேண்டும். இது என் மூளையில் வந்தது. படித்தவர்கள் யாரும் சொல்லித் தரவில்லை.

சாம்பல் நிறத்தில் முரட்டுத் துணி எடுத்தேன். காக்கி என்றால் டிரைவர் சட்டை என்பார்கள். சாம்பலில் சிமெண்ட் பட்டாலும் தெரியாது. சந்து முனையில் வயசான கன்னடக்காரர் ஒருத்தர் ஆண்களுக்கு மட்டும் தைப்பார். துணியைக் கொடுத்தேன். அளவுக்குப் பழைய சட்டை கேட்டார். நான் என் அளவு ஜாக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. தான் ஜாக்கெட் தைப்பதில்லை என்றார்.

"ஜாக்கெட் இல்லீங்க, சட்டை. காலர், பட்டன், முழுக்கை எல்லாம் வேணும். உடம்பு மட்டும் இந்த அளவு."

"யாரிகே?" என்றார். யாருக்கு என்று.

"நனகே" என்றேன். எனக்குத்தான். எத்தனையோ இன்ஜினியர்களோடு சண்டை போட்டிருக்கிறேன், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லப் பட்ட கஷ்டம் எங்கேயும் பட்டதில்லை.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜாக்கெட்டை எடுத்து டேப் வைத்தார். கை நீளத்துக்கு மட்டும் என் கையை நீட்டச் சொல்லித் தொடாமல் டேப் பிடித்தார். சிரிக்கவில்லை. பாக்கெட் ஒன்றா இரண்டா என்று மட்டும் கேட்டார். இரண்டு என்றேன். என் ஆயுசில் அதுவரை நான் உடுத்திய எதிலும் பாக்கெட் இருந்ததில்லை.

அதைப் போட்டுக்கொண்டு போன அன்று சட்டைக் கை சரியாக மணிக்கட்டில் நின்றது. மடிக்க ஒன்றும் இல்லை. சாரத்தில் ஏறும்போது ஓடலாம் போல இருந்தது. ஆனால் புதுச் சட்டை, மடிப்புக் கலையாத சட்டை. அதுதான் வினையாகிவிட்டது. யார் எடுத்துக் கொடுத்தது என்று அந்தக் கொத்தனார் மேலிருந்து கேட்டான். நானே என்றேன். "நீயே எடுத்து நீயே போட்டுக்கிட்ட, சரி சரி" என்றான். சாரமே சிரித்தது. நாலைந்து நாளில் பேச்சு மேஸ்திரி பெயரில் வந்து நின்றது. மேஸ்திரி வீட்டில் சண்டை. அவர் என்னைக் கூப்பிட்டு, "சட்டை இல்லாம வந்தப்ப ஒரு தொல்லை, சட்டையோட வந்தா ஒன்பது தொல்லை" என்று சொல்லி, மேல்தளம் போட்டு முடிந்ததும் கொட்டகையைக் காலி செய்யச் சொன்னார்.

பேச்சு ஊருக்கும் போனது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்காரரின் அண்ணன் வந்து சைட் கேட்டில் நின்றார். அவருக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரே முகம், ஒரே உயரம். ஒரு நிமிஷம் போனவரே வந்து நிற்கிறார் என்று நினைத்துவிட்டேன். எல்லோரும் சோற்றுப் பாத்திரத்தோடு திரும்பிப் பார்த்தார்கள்.

"புள்ளைங்களைக் கிளப்பு. ஊருக்குப் போலாம்" என்றார்.

"எதுக்குங்க மாமா?"

"யாரு சட்டை இது?"

"என்னுதுதானுங்க."

அவர் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அதற்கு மேல் வாயால் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. நான் பட்டன்களைக் கழற்றினேன். எந்தக் கண்களிலிருந்து தப்பிக்க அந்தச் சட்டையைத் தைத்தேனோ, அத்தனை கண்களுக்கும் முன்னால் அதைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"நீங்களே போட்டுப் பாருங்க மாமா. இங்க இருக்கிற யாருக்கு வேணுமானாலும் போட்டுப் பாருங்க."

அவர் அதை விரித்துத் தன் மார்பில் வைத்தார். தோளுக்குத் தோள் எட்டவில்லை. கை பாதியில் நின்றது. மார்புப் பக்கம் டெய்லர் பிடித்திருந்த பிடிப்பு எந்த ஆண் சட்டையிலும் இருக்காது. முதலில் பேசியது, சட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்ட அந்த அக்காதான்.

"அது பொம்பளை அளவுங்க" என்றாள்.

மேலிருந்து கேட்டவன் தன் பாத்திரத்தைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்காரரின் அண்ணன் சட்டையின் கையை முனை வரைக்கும் நீவிப் பார்த்தார்.

"அவன் சட்டையை நாலு மடிப்பு மடிச்சுப் போட்டுட்டு இருப்பியே" என்றார். அப்புறம் அதை என்னிடம் நீட்டினார். "போட்டுக்க, புள்ள. வெயில் அடிக்குது."

பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, தனியாகவே பஸ் ஏறிப் போனார். மேஸ்திரி கொட்டகை பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. யாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அந்தப் பாக்கெட்டில் முதலில் பென்சில் வந்தது, பிறகு அளவு டேப், பிறகு போன். நானே ஆள் கூட்டி வேலைக்கு அனுப்ப ஆரம்பித்த பிறகு, அதே மேஸ்திரி என்னிடம் ஆள் கேட்டு வந்தார். இன்றைக்கும் அதே சாம்பல் துணிதான், அதே சந்து முனையில்தான் தைக்கக் கொடுக்கிறேன். இப்போது அந்த டெய்லருடைய மகன் தைக்கிறான், அளவு ஜாக்கெட்டைப் பார்த்து அவன் கேள்வி கேட்பதில்லை.

அந்த வெள்ளைச் சேலையை, வீட்டுக்காரரின் அண்ணன் வந்துபோன மாதமே மடித்து உள்ளே வைத்துவிட்டு, ஒரு நீலச் சேலை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். சட்டையின் கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டிருந்தேன். சட்டைக்கு அடியில் சேலை ஏன் நிறம் மாறியது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.