ஒன்றரை அடி வாசல்

போர்ட் பிளேர் லம்பா லைன் மேட்டில் தண்ணீர்த் தொட்டி எழும்பியதைத் தனபாக்கியம் போல ஒரு நாள் விடாமல் பார்த்தவர்கள் வேறு யாரும் இல்லை. வேடிக்கை பார்க்கும் ஆசை என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் இருந்த தகரக் கொட்டகைக்கு வாசல் ஒன்றுதான், அது மேட்டைப் பார்த்து இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

அவள் புருஷன் பக்கிரிசாமி சென்ட்ரிங் மேஸ்திரி. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் பலகை அடித்து, முட்டுக் கொடுத்து, அச்சுக் கட்டுகிற வேலை. பரமக்குடிப் பக்கத்தில் அண்ணனோடு சண்டை போட்டு, இனி இந்த ஊரில் கால் வைக்க மாட்டேன் என்று பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டு, பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு அறுபத்தேழில் அந்தமானுக்குக் கப்பலேறியவன். திரும்பிப் போகக் கப்பல் இருந்தது, முகம் இல்லை. தனபாக்கியமும் அவனோடு சித்தாள் வேலைக்குப் போனாள். அஸ்திவாரம் போடும்போது ஜல்லிச் சட்டி சுமந்து சுமந்து நாலாம் மாதத்தில் அவளுக்குக் கரு கலைந்தது. அதற்கப்புறம் அவன் அவளை வேலைக்கு விடவில்லை, கடைக்குக்கூட விடவில்லை. வீட்டோடு இரு என்று சொல்லிவிட்டான். பாசத்தில் சொன்னதுதான். ஆனாலும் அடைத்து வைத்தது அடைத்து வைத்ததுதானே?

அதனால் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எட்டுத் தூண்கள் வட்டமாக நின்றன. ஒவ்வொரு தூணுக்குள்ளும் நெட்டுக் கம்பிகள், அவற்றைச் சுற்றி ஒரு சாணுக்கு ஒரு வளையம். ஓர் ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம் போனதும், எட்டுத் தூண்களையும் பிள்ளைகள் கைகோத்து நிற்பதுபோல் சுற்றி இணைத்து ஒரு விட்டம். மறுபடி தூண், மறுபடி விட்டம். அந்த விட்டங்கள் இல்லாவிட்டால் இவ்வளவு நெட்டைக் கால்கள் தலைப்பாரம் தாங்காமல் மடங்கிவிடும் என்று பக்கிரிசாமி சாப்பிடும்போது சொல்வான். கைக்குக் கிடைத்த ஈர்க்குச்சியை எல்லாம் நிறுத்திக் காட்டுவான். தூண்கள் முடிந்து, மேலே தொட்டியின் அடித்தளம் வந்தது. வட்டச் சுவர் வந்தது. கடைசியில் கவிழ்த்துவைத்த சட்டி மாதிரி கூரை. அதற்குத் தொட்டிக்குள்ளேயே காடு போல முட்டுகளை நிறுத்தி, அவற்றின்மேல் வில்லாக வளைத்த மரங்களை வைத்து, அதற்கும் மேலே பலகை பரப்பி, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டார்கள். உள்ளே இறங்கக் கூரையில் ஒரு வாசல் விட்டார்கள்.

வினை அந்த வாசலில்தான் வந்தது.

ஓவர்சியர் ஒரு வங்காளி பாபு. தீவில் யார் யாரோடு பேசினாலும் இந்திதான், பாதி தெரிந்தாலும் அதுதான். அதில் ஒன்றரைக்கு ‘டேட்’ என்பார்கள், இரண்டரைக்கு ‘டாயீ’ என்பார்கள். மீன் கடையில் நம் ஆட்கள் இந்த இரண்டிலும் தடுமாறாத நாள் கிடையாது. பாபு கீழே நின்று, வாசலை டாயீ அடி விடு என்று கத்தினார். காற்று அடித்துக்கொண்டிருந்தது. மேலே இருந்த பக்கிரிசாமிக்கு அது டேட் என்று விழுந்தது. ஹான் சாப் என்று தலையாட்டிவிட்டு, ஒன்றரை அடிக்குச் சதுரமாகப் பெட்டி அடித்துவிட்டான். மூடி உட்காருவதற்காக உள்பக்கம் சுற்றிப் பதித்த இரும்புச் சட்டம் அதிலும் பக்கத்துக்கு இரண்டு அங்குலம் தின்றது. மிஞ்சியது ஒரு முழம்கூட இல்லை.

கான்கிரீட் இறுகிய பிறகுதான் பாபு ஏறிப் பார்த்தார். எந்த ஆணின் தோளும் அதில் நுழையவில்லை. உள்ளேயோ முட்டும் பலகையும் அப்படியே நிற்கின்றன, ஆள் இறங்கித்தான் கழற்ற வேண்டும். உடைத்துப் பெரிதாக்கினால் விஷயம் வெளியே தெரியும். இரண்டு மாதத்தில் மெயின்லேண்டிலிருந்து பெரிய இன்ஜினியர் தொட்டியைப் பார்க்க வருகிறார். தவறு மேஸ்திரியுடையதுதான், ஆனால் கவனிக்காமல் கான்கிரீட் போட விட்டது பாபு. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். நுழைகிற மாதிரி ஒல்லியான ஆள் யாராவது இருந்தால் கொண்டு வா என்றார் பாபு. இத்தனை நாள் வாசல் தாண்டாதே என்று சொன்னவன் வீட்டுக்கு வந்து தனபாக்கியத்தைக் கூப்பிட்டான்.

அவள் அப்போது மூன்று மாதம். அவனிடம் சொல்லவில்லை. போன தடவை கலைந்ததற்கே அடைத்தானே, அந்தப் பயம். பக்கத்துக் கொட்டகைச் சித்தாள் இந்திராணி ஒருத்திக்குத்தான் தெரியும். தனபாக்கியத்துக்கு எப்படியாவது அந்தக் கொட்டகையைவிட்டு வெளியே வந்தால் போதும் என்று இருந்தது. சரி என்று போனாள்.

கைகளை உயரத் தூக்கிக்கொண்டு, மூச்சை விட்டுவிட்டு, சறுக்கிக்கொண்டு உள்ளே இறங்க வேண்டும். உள்ளே இருட்டு, ஈர மர வாடை, வெந்து தணியாத சூடு. இருமினால் அந்த இருமல் சுவரைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து காதில் விழும். கூரை முட்டுகளை நடுவிலிருந்து இளக்கிக்கொண்டு ஓரத்துக்கு வர வேண்டும், ஓரத்தை முதலில் இளக்கினால் நடுப்பகுதி இறங்கி வெடித்துவிடும். எந்த முட்டுக்கு அடியில் உள்ள ஆப்பைத் தட்டுவது என்று பக்கிரிசாமி மேலே குப்புறப் படுத்துத் தலையை நீட்டிச் சொல்வான். அவன் தலையை நீட்டினால் இருந்த கொஞ்ச வெளிச்சமும் போய்விடும். வழி சொல்லும்போது கண் தெரியாது, கண் தெரியும்போது வழி சொல்ல ஆள் இருக்காது. இப்படியே ஆறு வாரம். அவள் பலகையைக் கயிற்றில் கட்டிவிடுவாள், இந்திராணியும் ஆட்களும் மேலே இழுப்பார்கள்.

கூரையின் பலகைகள் குறையக் குறைய அவள் வயிறு ஏறியது. முதலில் சட்டம் இடுப்பை உரசியது. பிறகு சிராய்த்தது. கான்கிரீட் ஒட்டாமலிருக்கக் கூலியாட்கள் பலகைக்குத் தடவுகிற எண்ணெயை இந்திராணி அவள் இடுப்பில் தடவி அனுப்பினாள். இன்னும் எத்தனை நாள் உன்னைப் பலகைக் கணக்கில் சேர்ப்பது, அவரிடம் சொல்லித் தொலை என்று இந்திராணி திட்டினாள். முட்டு இன்னும் கால்வாசி நிற்கிறது, முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள் இவள். பிடிவாதக்காரி.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட மேலே வரும்போது பாதியில் சிக்கிக்கொண்டாள். நெஞ்சுவரை வெயிலில், கால்கள் இருட்டில். கீழே இறங்கவும் முடியவில்லை. பக்கிரிசாமி இரண்டு அக்குளிலும் கை கொடுத்து இழுத்தான். இரும்பு அடிவயிற்றை அழுத்தியபோது தனபாக்கியம் அவன் கையைக் கடித்துவிட்டாள்.

“இழுக்காதீங்க. உள்ள புள்ள இருக்கு.”

அவன் கையை விட்டுவிட்டான். இந்திராணிதான் எண்ணெயை ஊற்றி, உடம்பைத் திருப்பித் திருப்பி மெதுவாக வெளியே எடுத்தாள். கூரைமேல் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். கீழே பாபுவின் குடை போய்க்கொண்டிருந்தது. பக்கிரிசாமி கடிபட்ட கையைத் துடைத்துக்கொண்டு அந்தக் குடையையே பார்த்தான். பிறகு, இன்னும் பத்துப் பன்னிரண்டு முட்டுதான், இன்ஜினியர் கப்பல் வருவதற்குள் முடித்துவிடலாம், இனி அவள் உள்ளேயே சாப்பிட்டுக்கொண்டால் ஒரு தடவை ஏறி இறங்கினால் போதும் என்றான். கெட்டவன் இல்லை. பயந்தவன். வேலையிலிருந்து துரத்தினால் எங்கே போவது என்பதைத் தவிர அவனுக்கு வேறொன்றும் ஓடவில்லை.

தனபாக்கியம் எழுந்தாள். உளியையும் சுத்தியலையும் இடுப்பில் செருகிக்கொண்டு, எண்ணெய் பூசி, மறுபடி உள்ளே இறங்கினாள். நிற்கிற முட்டுகளுக்குக் குறுக்கே இரண்டு பலகையைப் போட்டு மேலே ஏறி நின்று, வாசலின் விளிம்பைக் கீழிருந்து கொத்த ஆரம்பித்தாள். மூலையைத் தொடவில்லை, வெடிப்பு மூலையிலிருந்துதான் ஓடும் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்தின் நடுவில் கொத்தினாள். தூள் கண்ணில் கொட்டியது. கூரை முழுவதும் மணி அடித்தது மாதிரி அதிர்ந்தது.

“ஏ புள்ள, நிறுத்து. பாபு வந்துருவாரு.”

“வரட்டும். நீங்க மேலருந்து கொத்துங்க. இல்லைன்னா கையக் கட்டிக்கிட்டுப் பாருங்க. இந்த ஓட்டை வழியா இனி நான் வர மாட்டேன்.”

பாபு வந்தார். அவ்வளவு படியும் ஏறி, வேர்த்து விறுவிறுத்து, யார் இப்படிச் செய்யச் சொன்னது என்று இந்தியில் கத்தினார். பக்கிரிசாமி வாசலைக் கை காட்டினான். உள்ளேயிருந்து சுத்தியல் நின்றது. இருட்டிலிருந்து அவள் குரல் மட்டும் பெரிதாகக் கிளம்பி வந்தது.

“பாபு, டேட் மே நஹீ ஆயேகா. டாயீ கரோ.”

ஒன்றரையில் வர முடியாது, இரண்டரை ஆக்கு. அவள் வாழ்நாளில் தப்பில்லாமல் பேசிய இந்தி அது ஒன்றுதான் என்று இந்திராணி பின்னால் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. பாபு மிரட்டிப் பார்த்தார், வேலை போய்விடும் என்றார். உள்ளே மறுபடி கொத்துகிற சத்தம். கடைசியில் பக்கிரிசாமி, நீங்கள் சொன்னது டாயீ, என் காதில் விழுந்தது டேட், தப்பு என்னுடையது, எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, சம்மட்டியை எடுத்து மேலிருந்து இறக்கினான்.

சாயங்காலத்துக்குள் கான்கிரீட்டை உடைத்து, இரும்புச் சட்டத்தைப் பெயர்த்து, குறுக்கே வந்த கம்பிகளை ரம்பத்தால் அறுத்து, ஓரமாக வளைத்துவிட்டார்கள். தனபாக்கியம் கயிற்று ஏணியில் சாதாரணமாக ஏறி வந்தாள். மறுநாள் ஆண்களே உள்ளே இறங்கி மிச்ச முட்டுகளை எடுத்தார்கள். வளைத்த கம்பிகளோடு சேர்த்து வாசலைச் சுற்றித் தடிமனாக ஒரு விளிம்பு கட்டினார்கள். வசதிக்காகப் பெரிதாக்கினோம் என்று பாபு இன்ஜினியரிடம் சொல்லித் தப்பித்துக்கொண்டார். பக்கிரிசாமியை மட்டும் லிட்டில் அந்தமானுக்கு மாற்றிவிட்டார்கள், ஹட் பேயில் குடியிருப்பு கட்டுகிற வேலைக்கு. அப்போதுதான் அங்கே காடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். சுற்றிக் கடல், நடுவில் காடு, கப்பல் வந்தால் உண்டு. போர்ட் பிளேரே தேவலை என்கிற இடம்.

கப்பலில் ஏறியதும் பக்கிரிசாமி கேட்டான்.

“இன்னும் ரெண்டு வாரம் பொறுத்திருந்தா முடிஞ்சிருக்கும்ல?”

“நான் முடிஞ்சிருப்பேன்.”

அவர்களுக்குக் கிடைத்த டிக்கெட் கீழ்த்தளத்துப் பங்க் படுக்கை. இரும்புப் படி இறங்கிப் போக வேண்டும். தனபாக்கியம் படியை எட்டிப் பார்த்தாள், மேல் தளத்திலேயே மூட்டையைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கப்பல்காரன் வந்து விரட்டினான். அவள் நகரவில்லை. மழை பிடித்தபோது பக்கிரிசாமி கீழே போய் ஒரு சாக்கு கொண்டுவந்து, அவள் தலைக்குமேல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.