அழித்தவர் பெயர்: மேரி டீச்சர்

காலைப் பிரார்த்தனைக்கு மணி அடிக்கும் நேரத்தில் புன்னக்காயலிலிருந்து மேரி டீச்சரின் தம்பி போனில் கூப்பிட்டார். "அக்கா போயிட்டாவ டீச்சர்" என்றார். காய்ச்சல் என்று சொல்லி டீச்சர் இரண்டு நாள் வரவில்லை. லீவு விண்ணப்பம் எங்கே என்று நான் கோபத்தில் இருந்தேன். அந்தக் கோபத்தை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

கொற்கைக்குப் பக்கத்தில் எங்கள் தொடக்கப் பள்ளி. நான் தலைமையாசிரியை, அவர் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. பள்ளிக்கு டேப்லெட்டுகள் வந்ததும் நான் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவர் சாவி கேட்டு வந்தார். இணையத்தில் ஒரே பக்கத்தைத் திறந்து, வகுப்பு மொத்தமும் ஒரே நேரத்தில் அதில் படம் வரையலாமாம்.

"என்னதான் ஆவுதுன்னு பாப்பமே டீச்சர்."

எதற்கும் அவர் சொல்வது இதுதான், அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும். ஏழு வயதுப் பிள்ளைகளுக்குப் பாஸ்வேர்டு அடிக்க வராது என்பதால், எல்லா டேப்லெட்டிலும் தன் கணக்கையே திறந்துவிட்டார். தனித்தனிப் பெயர் கொடுத்தால்தான் சேட்டைக்காரரைப் பிடிக்கலாம் என்று நான் நச்சரித்தேன். நான் போலீஸுக்குப் போயிருக்க வேண்டியவள் என்று சிரிப்பார்.

ஒருநாள் 'எங்கள் ஊர்' என்ற பக்கம் படகும் வாழையும் கோயிலுமாக நிறைந்திருந்தபோது, சட்டென்று அத்தனையும் மறைந்தது. வகுப்பே அழுதது. எல்லோரும் அஞ்சலியைப் பார்த்தார்கள். குடும்பத்தோடு மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து புதிதாகச் சேர்ந்தவள். பள்ளி பிடிக்காமல் முந்தின வாரம் முழுக்க வராமல் இருந்து, அன்றுதான் வந்திருந்தாள். பழி விழுந்தால் மறுபடி வரவே மாட்டாள்.

டீச்சர் பழைய மாற்றங்களைத் தேடித் திறந்தார். படங்கள் திரும்பி வந்தன. யார் அழித்தது என்ற இடத்தில் அவர் பெயர்தான் இருந்தது.

"நாந்தான் அழிச்சிருக்கேன் போல. இங்கன எழுதியிருக்குல்லா."

பிள்ளைகள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். அவரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் அஞ்சலிக்கு மட்டும் ஒரு வெற்றுப் பக்கம் திறந்து கொடுத்தார். அவள் மலை, தேயிலை, பஸ் என்று வரைந்துகொண்டே இருந்தாள். அழித்தது அவள்தானா என்று டீச்சரைத் துருவித் துருவிக் கேட்டேன். "தெரிஞ்சு என்ன செய்யப் போறிய?" என்றார்.

அடக்கம் முடிந்து பள்ளி திறந்த அன்று அஞ்சலி என் மேசையருகே வந்து நின்றாள். வரைய இடமே இல்லை என்றுதான் அழித்தாளாம். அது மேரி டீச்சருக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். தலையாட்டிவிட்டு வகுப்புக்குப் போனாள். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

பிள்ளைகளுக்காகப் புதுக் கணக்கு ஒன்று திறந்திருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர் வேண்டுமா என்று அது கேட்டது. வேண்டாம் என்று என் பெயரை மட்டும் கொடுத்தேன். இனி இரண்டாம் வகுப்பில் எது அழிந்தாலும், அழித்தது நான்தான்.