மத்தியானக் கொத்து

எங்கள் அத்தைக்குக் கோழிப்பண்ணையில் 'ரகசியம்' என்று பட்டப்பெயர். குஞ்சுக் கொட்டகையைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். சத்தம் கேட்டால் குஞ்சுகள் மிரண்டு, ஒரே மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நசுங்கிவிடும். அதனால் குசுகுசுவென்று பேசிப் பழகி, வீட்டில் உப்பு கேட்டால்கூட யாரையோ தீர்த்துக்கட்டச் சொல்வதுபோலத்தான் இருக்கும். அவளைக் கத்தவைக்க ஒரு தடவை சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் ரப்பர் பல்லியை வைத்தேன். வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு யாருடா தீவனம் போடறது?" என்றாள்.

அந்தக் கோடையில் குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்தின. அது புதிதில்லை. இடம் நெருக்கினாலும், சூடு கூடினாலும், தீவனத் தட்டு போதாவிட்டாலும் கொத்தும். அத்தை தடுப்பைத் தள்ளி வைத்தாள். தட்டுகளைக் கூட்டினாள். ரத்தத்தைக் கண்டால் மற்றவை விடாது என்று காயத்தின் மேல் ஊதா மருந்து தடவினாள். கொத்துகிற ரௌடியைப் பிடித்துத் தனிக் கூடையில் போட்டாள். மறுநாள் வேறொன்று ரௌடியானது.

காலையில் எல்லாம் சாதுவாக இருக்கும். மத்தியானம் கீச்சுச் சத்தம் சட்டென்று நிற்கும். கதவைத் திறந்தால் ஒன்று கிடக்கும், முதுகில் ஒரே ஒரு குழியோடு. யாரோ விரல் நீட்டி 'இதுதான்' என்று காட்டிக்கொடுத்த மாதிரி.

முதலாளி வந்து பார்த்துவிட்டு, அலகு வெட்டுகிற மெஷினுக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அத்தையின் முகம் சுண்டிப்போனது. முன்பு இருந்த பண்ணையில் அவள் அந்த மெஷினில்தான் உட்கார்ந்திருந்தாள். குஞ்சின் தலையைப் பெருவிரலால் அழுத்தி, பழுக்கக் காய்ந்த தகட்டில் அலகின் நுனியை வைக்க வேண்டும். கொஞ்சம் புகை. அடுத்த குஞ்சு. அந்தத் தீய்ந்த வாடை அடித்தால் இன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது. மெஷின் வருவதற்குள் காரணத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

மறுநாள் அவள் கதவைச் சாத்திவிட்டு, அந்த அரையிருட்டில், குஞ்சுகளுக்கு நடுவே மரத்தூளில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். மறை கழன்றுவிட்டது என்றே நினைத்தேன். வலைக்கு வெளியே, சாக்குப் படுதாவின் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். குஞ்சுகள் அவள் மேல் ஏறி இறங்கின. இரண்டு இடுப்பில் உட்கார்ந்து தூங்கின.

சத்தம் நின்றது.

அத்தனை குஞ்சுகளும் தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் அத்தையின் காதைப் பார்த்தன. காதுமடலில் காசளவு வெளிச்சம் விழுந்து, உள்ளே ஓடும் ரத்தம் சிவப்பாகத் தெரிந்தது. ஒரு குஞ்சு நிதானமாக நடந்து வந்து கொத்தியது. பிறகு இன்னொன்று. மற்றவை தங்கள் முறைக்கு நிற்பதுபோல நின்றன. அத்தை அசையாமல் கண்ணை மட்டும் உயர்த்தினாள்.

"கூரையப் பாருடா. ஓட்டை."

பழைய தகரத்தில் ஆணி கழன்ற துளை. உச்சி வெயில் அதன் வழியாக எந்தக் குஞ்சின் மேல் இறங்கியதோ, அதன் கதை முடிந்தது. கதவைத் திறந்ததும் வெளிச்சம் கொட்டி அந்தப் புள்ளி கரைந்துவிடும். அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. நான் ஏறித் தாரை அப்பினேன். இறங்கி வந்து அவள் காதுக்கு ஊதா மருந்து போட்டபோது என் கை நடுங்கியது.

"குஞ்சுக்குப் போடும்போது இப்படி நடுங்கினா, மருந்தெல்லாம் அது கண்ணுல போயிடும்டா," என்றாள்.

ஆனாலும் மெஷின் வந்துவிட்டது. மெஷின்காரர் ஒயரைச் செருகித் தகட்டைப் பழுக்கவைத்தார். வெளிச்சம் கொலை செய்யுமா என்று முதலாளி சிரித்தார். அத்தை வாதாடவில்லை.

"உச்சி வெயில் தாண்டட்டும் முதலாளி. ஒண்ணு கொத்தினாலும் நானே பிடிச்சுக் குடுக்கறேன்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். முதலாளிக்கு மட்டும் நாற்காலி. அந்த நேரம் வந்ததும் சத்தம் நின்றது. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள். குஞ்சுகள் நாலா பக்கமிருந்தும் நடந்து வந்து வளையமாக நின்றன. நடுவில், முன்பு அந்த வெளிச்சம் விழுந்த இடத்தில், ஒன்றுமில்லை, வெறும் மரத்தூள். அதையே ஒற்றைக் கண்ணால் பார்த்தன. வர வேண்டியவர் யாருக்கோ இடம் விட்டதுபோல இருந்தது. எதுவும் கொத்தவில்லை.

முதலாளி காலைத் தூக்கி நாற்காலியில் மடக்கிக்கொண்டார்.

ஒரு குஞ்சு கீச்சிட்டது. வளையம் கலைந்து எல்லாம் தீவனத்துக்குப் போயின. முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, ஒயரைப் பிடுங்கச் சொன்னார்.

அத்தை ஒரு தண்ணீர்த் தட்டை எடுத்துப்போய், சரியாக அந்த வெற்றிடத்தில் வைத்தாள். நானாக இருந்தால் அந்த இடத்தை மிதித்திருக்கவே மாட்டேன்.