சனிக்கிழமைப் பல்வலி

என் மகள் பத்தாம் வகுப்பு படித்த வருடம், அந்த வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் பல் வலித்தது. திங்கட்கிழமை காலையில் கைமுறுக்கைக் கடிக்கும் அளவுக்குச் சரியாகிவிடும். இந்த நோயைப் பரப்பியவர்களில் நானும் ஒருவன்.

பள்ளியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அபிராமபுரத்தில் பிள்ளைகள் சேராமல் மூடிக் கிடந்த ஓர் அரசுப் பள்ளிக் கட்டடத்தை ஓர் அறக்கட்டளை எடுத்து நடத்தியது. எழுத்தில் ஒப்பந்தம். கட்டடமும் சம்பளமும் அரசின் பொறுப்பு, என்ன சொல்லிக் கொடுப்பது என்பது அறக்கட்டளையின் பொறுப்பு. இதை சார்ட்டர் ஸ்கூல் என்று சொல்ல வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே எங்களுக்குப் பழக்கிவிட்டார்கள். கட்டணம் கிடையாது, சிபாரிசு கிடையாது, இடம் குலுக்கலில். இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை, லத்தீன், சம்ஸ்கிருதம், பழைய தமிழ்ப் பாட்டு, கிரேக்க நாடகம், இவைதான் முக்கியப் பாடங்கள். பொதுத் தேர்வுப் பாடங்கள் வந்து போகிற விருந்தாளி மாதிரி ஓரமாக உட்கார்ந்திருக்கும்.

பிள்ளைகள் சிந்திக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக இங்கே சேர்த்தோம் என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டோம். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பவர்கள் நாம் என்பதை யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆறாம் வகுப்புக் குலுக்கலில் என் மகள் பெயர் வந்தபோது, லத்தீன் எந்த நாட்டு மொழி என்று தெரியாமலேயே நானும் என் மனைவியும் கபாலி கோவிலில் தேங்காய் உடைத்தோம்.

பள்ளிக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. டியூஷனோ கோச்சிங்கோ அனுப்பக் கூடாது. ஒவ்வொரு ஜூன் மாதமும் பெற்றோர் எல்லோரும் எழுந்து நின்று இதற்கு உறுதிமொழி எடுக்க வேண்டும். மைக்கில் வாசிக்கிறவர் மயிலாப்பூரில் தொழில் நடத்தும் ஓர் ஆடிட்டர். கணீரென்ற குரல். அவர் வாசிக்க வாசிக்க, திரும்பச் சொல்லும் எனக்கே என் மேல் மரியாதை வந்துவிடும்.

சனிக்கிழமை காலை முழுவதும் 'சபை'. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டு தீர்மானிக்கும். உனக்குப் பிடிக்காத பக்கம் வந்தாலும் அதைத்தான் பேச வேண்டும், அதுவும் பழுதில்லாமல். என் மகளுக்கு உயிரே அந்தச் சபைதான். அதன் மிச்சம் வீட்டுக்கு வரும், சாப்பாட்டு மேஜையில் எனக்குக் கிடைக்கும்.

பத்தாம் வகுப்பு தொடங்கியதும் பேச்சு ஒன்றில்தான் சுற்றியது. அவள் அதே பள்ளியில் பதினொன்றாம் வகுப்பும் படிக்க ஆசைப்பட்டாள். அங்கே பதினொன்றில் வரலாறும் மொழிகளும் தர்க்கமும்தான். பரிசோதனைக் கூடம்கூடக் கிடையாது. நானோ அவளைக் கம்ப்யூட்டர் இன்ஜினியராகப் பார்த்து முடித்துவிட்டிருந்தேன். பெற்றோர் கையெழுத்து இல்லாமல் அங்கே பதினொன்றில் சேர முடியாது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

"நம்ம தெருவுல எல்லாப் பசங்களும் கோச்சிங் போறாங்கம்மா. இத்தனை பேரும் முட்டாளா?"

"எத்தனை பேர் போறாங்கங்கறது கணக்குப்பா. காரணம் இல்லை" என்றாள், ரசம் ஊற்றிக்கொண்டே.

"பதினஞ்சு வயசுல உனக்கு என்ன பிடிக்கும்னு உனக்கே தெரியாது."

"அப்போ எனக்கு எது பிடிக்காதுங்கறதும் தெரியாது. இன்ஜினியரிங் பிடிக்கலைன்னு சொன்னா மட்டும் ஏன் நான் தெரிஞ்சு சொல்ற மாதிரி கோபப்படறீங்க?"

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான் செய்யறேன்."

"நல்லதுக்குச் செய்யறதும் நல்லதும் ஒண்ணு இல்லப்பா."

என் மனைவி சிரித்துவிட்டாள். நான் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இழப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்ப்பவன். பிறர் சொல்லும் பொய்யைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன். என் வாயை ஒரு பெண் மூன்று வரியில் அடைக்கிறாளே என்று எரிச்சல் வந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது என்பதும் உண்மை. வாதத்தில் தோற்ற அப்பாக்கள் வழக்கமாகச் செய்வதையே நானும் செய்தேன். வாதத்தை விட்டுவிட்டு அவளைக் கோச்சிங்கில் சேர்த்துவிட்டேன்.

தியாகராய நகரில், பாண்டி பஜாரை ஒட்டிய சந்தில் ஒரு மூன்று மாடிக் கட்டடம். கீழே ஜூஸ் கடை, முதல் மாடியில் பல் டாக்டர், இரண்டாவதிலும் மூன்றாவதிலும் கோச்சிங். வகுப்பு சனிக்கிழமை காலையில். யாராவது பார்த்தால் பல் டாக்டரிடம் வந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு ஒரு யோசனை உதித்தது. பள்ளிக்கும் அப்படியே விடுப்புக் கடிதம் எழுதினேன். நம்பகத்தன்மைக்காக டாக்டர் பெயரையும் சேர்த்தேன். தொழில் புத்தி.

இரண்டாவது வாரம் அந்த மாடிப்படியில் ஆடிட்டர் எதிரே வந்தார், பையனோடு.

"அடடே, நீங்க எங்க இந்தப் பக்கம்?" என்றார் அதே கணீர்க் குரலில்.

"பொண்ணுக்குப் பல் சார். நீங்க?"

"இவனுக்கும் அதேதான். கடைவாய்ப் பல். ராத்திரியெல்லாம் துடிச்சுப் போயிட்டான்."

நான்கு பேரும் சேர்ந்து படி ஏறினோம். முதல் மாடி வந்தது. யாரும் திரும்பவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இரண்டு அப்பாக்களும் வாயைத் திறக்காமல் இரண்டாவது மாடிக்குப் போனோம். அங்கே வராந்தாவில் எங்கள் வகுப்புப் பெற்றோர் இன்னும் ஒன்பது பேர், ஆளுக்கொரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

பள்ளித் தலைமையாசிரியை கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவர். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கண்ணாடிக்கு மேலே பார்க்கும் பழக்கம். தீபாவளி கழிந்து ஒரு சனிக்கிழமை பள்ளியிலேயே பல் பரிசோதனை முகாம் என்று சுற்றறிக்கை வந்தது. பெற்றோரும் வர வேண்டும்.

முகாம் முடிந்ததும் அவர் எங்கள் முன்னால் வந்து நின்றார். பக்கத்தில் டாக்டர்.

"லீவு லெட்டர்ல எல்லாரும் இவர் பேரைத்தான் எழுதியிருந்தேள். இத்தனை பேர் நம்பறான்னா கைராசிக்காரரா இருப்பார்னு இவரையே வரச் சொன்னேன். ஆனா பாருங்கோ, இவர் ஒரு குழந்தையைக்கூட இதுக்கு முன்னாடி பார்த்ததில்லையாம். பல்லெல்லாம் முத்தாட்டம் இருக்காம். அப்பறம் சனிக்கிழமையானா மட்டும் ஏன் வலிக்கறது?"

வகுப்பிலேயே ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் சொத்தைப் பல் இருந்தது. ஒரு சனிக்கிழமைகூட விடுப்பு எடுக்காத பெண் அவள். அவளுடைய அப்பா ஆட்டோ ஓட்டுபவர். ஆற்றோரம் இருந்த வீட்டை எடுத்துவிட்டு அவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்து தினமும் பெண்ணை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவார். அவர் நிஜமாகவே குழம்பிப்போய் என்னிடம் கேட்டார்.

"இன்னா சார் இது, உங்க புள்ளைங்களுக்கெல்லாம் பல்லு நல்லாத்தானே கீது? அப்பால எதுக்கு டாக்டராண்ட போய்க்கினு கீறீங்க?"

நான் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். தலைமையாசிரியை யாரையும் எதுவும் செய்யவில்லை. அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியுமா, அல்லது அப்பாவியாகத்தான் அந்த டாக்டரை அழைத்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. எங்களுக்கும் புத்தி வரவில்லை. அடுத்த சனிக்கிழமையிலிருந்து பிள்ளைகளுக்குக் கண் மங்கத் தொடங்கியது.

பொதுத் தேர்வுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெற்றோர் முன்னிலையில் பெரிய சபை. என் மனைவி ஊருக்குப் போயிருந்ததால் நான் மட்டும் போயிருந்தேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் சீட்டு எடுத்துத் தனியாகப் பேச வேண்டும். பேசி முடித்ததும் தலைமையாசிரியை மூன்று தடவை "மறுப்பு உண்டா?" என்று கேட்பார். சபையில் யார் வேண்டுமானாலும் கை தூக்கலாம், பேசினவரின் அப்பா அம்மா உட்பட. மூன்றாவது தடவையும் கை எழவில்லை என்றால் வாதம் நின்றது, அதாவது ஜெயித்தது, என்று அறிவிப்பார்.

ஆட்டோக்காரரின் மகளுக்கு வந்த சீட்டு, நகரத்துக்கு நடுவே குடிசையில் இருப்பவர்களை வெளியே குடியமர்த்துவது நியாயம் என்பது. பாவம், அந்தப் பெண் அதையும் நன்றாகவே பேசினாள். பக்கா வீடு, கழிப்பறை, ஆற்று வெள்ளம் வராத இடம் என்று அடுக்கினாள். முதல் தடவை மறுப்புக் கேட்டதுமே அவள் அப்பாவின் கை எழுந்தது.

"யம்மா, நீ சூப்பரா பேசுன. ஆனா காலீல அஞ்சு மணிக்குத் தூங்கிக்கினு இருக்கற உன்ன வண்டீல போட்டுக்கினு வரேனே, அத்த யாரு கணக்குல எழுதறது? வூடு கீது, சரி. வேல எங்க கீது? இஸ்கோலு எங்க கீது? நீ சொன்னது தப்பும்மா."

அறை முழுக்கக் கைதட்டல். வாதத்தில் தோற்ற அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். அத்தனை பற்களும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள், சொத்தை உட்பட.

அடுத்தது என் மகள். சீட்டைப் பிரித்தாள், ஒரு நிமிடம் அதையே பார்த்தாள், பிறகு வாசித்தாள். பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்பதைப் பெற்றோரே முடிவு செய்ய வேண்டும். அந்தப் பக்கத்தைத்தான் அவள் பேச வேண்டும்.

பேசினாள். தெருவில் அத்தனை பிள்ளைகளும் ஒரே வழியில் போகும்போது அத்தனை பேரும் தவறாக இருக்க முடியுமா என்றாள். பதினைந்து வயதில் ஒருவருக்குத் தன் மனமே தெரியாது என்றாள். பெற்றோர் செய்வது எல்லாம் நன்மைக்கு, ஆகவே அது நன்மையே என்றாள். "உண்மை பேசணும்னு கத்துக்கொடுத்த ஒரு அப்பா, பிள்ளைக்காகத் தன் கையாலேயே பொய் எழுதித் தர்றார்னா, அவருக்கு எவ்வளவு அக்கறை இருக்கணும்!" என்றபோது பெற்றோர் பாதிப் பேர் மடியில் இருந்த கைப்பையை ஆராய்ந்தார்கள், மீதிப் பேர் சிரித்தார்கள். குரல் ஏற்ற இறக்கம், கை அசைவு, எல்லாம் அளவாக இருந்தது. ஆடிட்டர் என் தொடையைத் தட்டி, "பிரமாதமா பேசறா சார் உங்க பொண்ணு" என்றார்.

"மறுப்பு உண்டா?"

எனக்கு மறுப்பு தெரியும். அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாத அளவுக்குத் தெரியும். அந்த மூன்று வாதங்களும் என்னுடையவை. அவற்றுக்கான பதில்கள் அவளுடையவை, என் சாப்பாட்டு மேஜையிலேயே எனக்குக் கிடைத்தவை. எழுந்து நின்று அவள் சொன்னதையே திருப்பிச் சொல்லியிருந்தால் போதும்.

"மறுப்பு உண்டா?"

அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையில் பேசிய பிள்ளை பெருமைக்காக அப்பாவைப் பார்க்கிறது என்று நினைத்துப் புன்னகைத்தேன். என் கட்சி ஜெயித்துக்கொண்டிருந்தது. ஜெயிக்கிற கட்சிக்கு எதிராக எழுந்து நிற்க எனக்கென்ன பைத்தியமா? தவிர, எழுந்தால் பொய்க் கடிதம் எழுதிய அப்பா நான்தான் என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டதாகிவிடும். இந்த இரண்டில் எது என் கையைப் பிடித்துக்கொண்டது என்று எனக்கு இன்னமும் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாவது தடவையும் கேட்டு முடித்து, வாதம் நின்றது என்று அறிவித்தார் தலைமையாசிரியை. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன், மற்றவர்களைவிடச் சத்தமாக.

மந்தைவெளிக்கு நடந்து திரும்பும்போது மனசு நிறைந்திருந்தது. இப்படிப் பேசுகிற பெண்ணையா ஃபார்முலா மனப்பாடம் செய்ய அனுப்புவது என்று திடீரென்று தோன்றியது. சிக்னலில் நின்றபோது சொல்லிவிட்டேன்.

"நீ இந்த ஸ்கூல்லயே பதினொண்ணு படிம்மா. நாளைக்கே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"வேணாம்ப்பா."

"ஏன்? உன் ஆசை அதானே?"

"ஆசைதான். ஆனா வாதம் நின்னுடுச்சே. நீங்க சொல்றதுதான் சரின்னு அத்தனை பேர் முன்னாடி நானே நிரூபிச்சுட்டேன்."

"அது சும்மா சீட்டுல வந்ததும்மா!"

பச்சை விளக்கு விழுந்தும் அவள் நகரவில்லை.

"மூணு பாயின்ட்டும் ஓட்டைப்பா. வேணும்னேதான் அதையெல்லாம் எடுத்தேன். அதுக்குப் பதில் உங்களுக்குத் தெரியும், அங்கே உங்களுக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு முன்னாடி பேசினவளோட அப்பா எழுந்த மாதிரி நீங்களும் எழுந்திருப்பீங்கன்னு நினைச்சேன். மேடம் மூணு தடவை கேட்டாங்க."

"இப்போ சொல்றேன். நீ சொன்னது தப்பு. இங்கேயே படி."

"சபை முடிஞ்சிடுச்சுப்பா" என்றாள். கோபம் இல்லாமல்தான் சொன்னாள்.

இப்போது வேறு பள்ளியில் அறிவியல் பிரிவில் படிக்கிறாள். கோச்சிங்குக்குத் தானே பஸ் பிடித்துப் போகிறாள். நல்ல மதிப்பெண் வருகிறது. நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்துகொண்டிருக்கிறது. இரவுச் சாப்பாட்டின்போது வேண்டுமென்றே ஏதாவது அபத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன். போன வாரம், உலகத்தில் படிக்கத் தகுந்தது இன்ஜினியரிங் ஒன்றுதான் என்று அடித்துச் சொன்னேன். என் மனைவி நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"சரிப்பா" என்று சொல்லிவிட்டு, அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.