திறக்கக் கூடாது என்று சொன்ன கட்டு

கொரோனா வந்த முதல் வருடம் நான் முருங்கைக்காயைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பால் பாக்கெட்டுக்கு இரண்டு முறை, கத்திரிக்காய்க்கு ஒரு முறை, செய்தித்தாளுக்கு மொட்டைமாடியில் ஒரு மணி நேர வெயில். கிருமிகள் பரவும் விதம் பற்றி மூன்று புத்தகங்கள் படித்திருந்தேன். அந்தப் படிப்பு வீணாகக் கூடாதே என்று குடும்ப வாட்ஸப் குழுவில் கை கழுவும் முறையை விளக்கி ஒரு கட்டுரையும் எழுதிப் போட்டேன். அதை யாரும் படிக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. எழுதியவனே படிக்கவில்லை என்பது அதற்கும் பிறகு தெரிந்தது.

அந்த வருடம்தான் அக்காவின் கால் முறிந்தது.

அக்கா மணமேல்குடியில் சத்துணவு அமைப்பாளர். அத்தான் இறந்து ஆறு வருடமாகியிருந்தது. ஒரே மகன் சிங்கப்பூரில், கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. தனியாகத்தான் இருந்தாள், ஆனால் அதை ஒரு குறையாக அவள் சொல்லி நான் கேட்டதில்லை. விடியற்காலையில் தெருவே கேட்கும்படி ரேடியோவைத் திருப்பி வைப்பாள். வெள்ளிக்கிழமையிலும் மீன் குழம்பு வைப்பாள். ஏனென்று கேட்க ஆளில்லை என்பதில் அவளுக்கு ஒரு ருசி இருந்தது.

பள்ளிக்கூடம் மூடியிருந்தாலும் பிள்ளைகளுக்கு அரிசியும் முட்டையும் கொடுத்தாக வேண்டும். அதற்காக ஸ்கூட்டியில் போனாள். ஊரடங்கில் சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை. இருந்த ஒரே நாய் குறுக்கே வந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது.

புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெயர் வேண்டாம், அவர்கள் மேல் தப்பில்லை. முதலில் மூக்கில் குச்சியை விட்டுப் பார்த்தார்கள். அது நெகட்டிவ் என்று வந்த பிறகுதான் காலைத் தொட்டார்கள். பிளேட் வைத்து ஸ்குரூ போட்டு முடுக்கினார்கள். கூட இருக்க ஒரே ஒரு ஆளுக்குத்தான் அனுமதி, அது நான். வார்டு கழுவிவிட்ட மாதிரிக் கிடந்தது.

எலும்பு டாக்டர் களைத்துப்போயிருந்தார். ஆனால் ஒரு விஷயத்தில் அவருக்குச் சந்தோஷம்.

"இந்த வருஷம் இந்த வார்டுல புண்ணு சீழ் பிடிக்கிறது ரொம்பக் கொறைஞ்சிருக்குங்க. முன்னெல்லாம் கட்டிலச் சுத்தி இருவது பேரு உக்காந்து புளிசாதம் சாப்புடுவாங்க. இப்ப வர்றவன்லாம் கையக் கழுவிட்டு வர்றான், மூக்க மூடிட்டு வர்றான். கொரோனாவுல நமக்குக் கெடச்ச ஒரே நல்லது இதுதான்."

மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பினார். "இங்க வச்சிருந்தா கொரோனாவத் தொத்திக்கிட்டுப் போவாங்க. பதினாலாவது நாள் நாங்க தையல் பிரிக்கிறவரைக்கும் இந்தக் கட்ட யாரும் தெறக்கக் கூடாது. கசிஞ்சா போன் பண்ணுங்க." நான் தலையாட்டினேன். மூன்று புத்தகம் படித்தவனிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்பது போலக்கூட ஆட்டியிருப்பேன்.

அக்காவை என் வீட்டு முன்னறையில் படுக்க வைத்தோம்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் படுத்துவிட்டால் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். பார்க்காமல் விட்டால் அடுத்த இரண்டு கல்யாணத்துக்கு அது பேசப்படும். பார்ப்பது என்றால் ஹார்லிக்ஸையும் சாத்துக்குடியையும் கொடுத்து விசாரித்துவிட்டுப் போவதல்ல. போர்வையை விலக்கி, காயத்தைக் கண்ணால் பார்த்து, தையலை எண்ணி, உச்சுக்கொட்ட வேண்டும். அந்த வருடம் மீமிசலிலிருந்து வருவதற்குக்கூட இ-பாஸ் கேட்டார்கள். ஆகவே எல்லாரும் செல்போனில் வந்தார்கள்.

முதலில் வந்தவன் அக்கா மகன். விமானம் ஓடாததால் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தான்.

"மாமா, அம்மா மொகத்தையே காட்டுறீங்க. காலக் காட்டுங்க."

"கட்டுப் போட்டிருக்கு மாப்ள."

"கட்டப் பார்த்து நான் என்ன பண்றது? உள்ள எப்புடி இருக்கு? நல்லாருக்கு நல்லாருக்குங்கிறீங்க. அப்பாவுக்கும் இப்புடித்தான் சொன்னீங்க."

உண்மைதான். அத்தானுக்கு ஒன்றுமில்லை என்று அவனுக்கு நான்தான் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் அக்காவைப் பார்த்தேன்.

"டாக்டரு தெறக்கக் கூடாதுன்னாருல்லடா" என்றாள். சொல்லும்போதே காலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். அவளுக்கும் மகன் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

"ஓரத்த மட்டும் தூக்கிட்டுத் திருப்பி ஒட்டிர்றேன். காத்துப் படுறதும் நல்லதுதான்" என்றேன். எந்தப் புத்தகத்தில் படித்தேனோ தெரியவில்லை.

கையில் சானிடைசரைத் தேய்த்துக்கொண்டேன். அடுத்த நொடி அதே கையில் செல்போனை எடுத்தேன். சந்தைக்கும் ரேஷன் கடைக்கும் என் சட்டைப்பையில் வந்துபோன செல்போன். அந்த வீட்டில் நான் கழுவாமல் விட்ட ஒரே பொருள் அதுதான், தண்ணீர் பட்டால் கெட்டுவிடும் என்று. ஒரு கையால் அதைப் பிடித்து, மறு கையால் பஞ்சை விலக்கி, பிறகு கையை மாற்றிக்கொண்டேன். காயம் காய்ந்து சுத்தமாக இருந்தது. அவன் முகத்தைத் திரையருகே கொண்டுவந்து பார்த்தான். "சரி மாமா. இன்னைக்குத்தான் சோறு எறங்கும்" என்றான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் மீமிசல் சித்தி கூப்பிட்டாள். "மகனுக்குக் காட்டுனியாமே. நாங்கள்லாம் வேத்தாளா?" அதற்கு மறுநாள் திருவரங்குளத்துப் பெரியம்மா வீடு. ஏழு நாளில் ஆறு வீட்டுக்குக் காட்டினேன். சாயங்காலம் ஐந்து மணியானால் நானே தயாராகிவிடுவேன். இது பிளேட் வைத்த இடம், இங்கிட்டு ஒன்பது தையல், அங்கிட்டு நாலு என்று வர்ணனை வேறு. "கேமராவ ஆட்டாமப் புடிப்பா, தல சுத்துது" என்று சித்தப்பா சலித்துக்கொண்டார். "கூடப் பொறந்தவன்னா இப்புடில்ல பார்க்கணும்" என்று பெரியம்மா சொன்னாள். அது எனக்குப் பிடித்திருந்தது. மறைப்பதற்கில்லை.

என் மனைவி அடுப்படியிலிருந்து ஒரே ஒரு தடவை சொன்னாள். "கத்திரிக்காய்க்குக் குடுக்குற மரியாதையக் கொஞ்சம் மதினி காலுக்கும் குடுங்க."

ஒன்பதாம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல். அப்போது காய்ச்சல் என்றால் ஒரே ஒரு காய்ச்சல்தான். பதறிப்போய் மூக்கில் குச்சி விட்டு, முடிவுக்காக ஒன்றரை நாள் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்தோம். சாப்பாட்டுத் தட்டை வாசற்படியில் வைத்துத் தள்ளினேன். நெகட்டிவ் என்று செய்தி வந்தபோது எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னேன். அந்த ஒன்றரை நாளும் யாரும் காலைப் பார்க்கவில்லை. பார்த்தபோது பஞ்சின் ஓரம் மஞ்சளாக நனைந்திருந்தது. வாடையும் வந்தது.

ஆஸ்பத்திரியில் அக்காவை உள்ளே கொண்டுபோய்க் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு டாக்டர் வெளியே வந்தார்.

"வீட்டுல யாராச்சும் தெறந்தீங்களா?"

"இல்லைங்க."

சொல்ல வேண்டும் என்று யோசித்துச் சொன்ன பொய்யல்ல. வாய் முந்திக்கொண்டது. நர்ஸ் ஒரு பெரிய நோட்டில் அதை எழுதிக்கொண்டாள். புண்ணில் சீழ் வந்தவர்களுக்கென்று ஆஸ்பத்திரியில் வைத்திருந்த நோட்டு. அந்த வருடம் அதில் நிறையப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன.

டாக்டர் அவளிடம் திரும்பினார். அக்காவுக்கு முதலில் கட்டுப் போட்டவள் அவள்தான். "அன்னிக்கு கிளவுஸ் மாத்துனியாம்மா?"

"மாத்துனேன் சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

அவள் பிளாஸ்டிக் அங்கிக்குள் வியர்த்து நனைந்திருந்தாள். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. அவள் யோசித்தாள். செய்யாத தப்பை எங்கே செய்தோம் என்று தேடுகிற கண் அது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ரொம்பக் கொறைஞ்சிருக்குன்னு சொல்லிட்டிருந்தேன்" என்றார் டாக்டர், யாரிடமென்றில்லாமல். குறைந்திருக்கிறது என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. குறைந்தபின் மிச்சமிருக்கிற அந்தச் சிலரும் காலோடும் கையோடும் எங்கேயோ படுத்திருப்பார்கள். ஒருத்தி என் அக்கா. அவளை அந்த நோட்டில் ஆஸ்பத்திரியின் தப்பாக எழுத வைத்தவன் நான்.

பின்னொரு நாள் டாக்டர், "சர்க்கரை இருக்கிற ஒடம்பு, எதனாலயும் வந்திருக்கலாம்" என்றார். அந்த வாக்கியத்தில் சாய்ந்துகொள்ளப் பல நாள் முயன்றேன். தாங்கவில்லை.

மூன்று தடவை உள்ளே கழுவினார்கள். பிளேட்டை எடுத்துவிட்டார்கள். காலுக்கு வெளியே கம்பிகள் மாட்டி, எட்டு மாதம் அப்படியே கிடந்தாள். எலும்பு ஒருவழியாகச் சேர்ந்தது, கொஞ்சம் கோணலாக. முழங்கால் மடங்கவில்லை, வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள்.

"நான் எப்ப வீட்டுக்குப் போறது?" என்று முதலில் வாரத்துக்கு ஒரு தடவை கேட்டாள். பிறகு மாதத்துக்கு ஒரு தடவை. என் வீட்டில் ரேடியோவைக் காதோடு வைத்துக் கேட்கப் பழகிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை சாம்பார் சாப்பிட்டாள், நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாள். அவள் அப்படிச் சொல்லக் கேட்பது எனக்கு வலித்தது. அவளுக்குச் சாம்பார் பிடிக்காது.

போன ஆவணியில் அவளாகவே பேச்செடுத்தாள். "ஒரு தடவ போயிப் பார்ப்போம். முடியும்னா அங்கயே இருந்துக்கிறேன்." ஒரு வாரத்துக்கான துணியும் மருந்தும் கட்டைப்பையில் எடுத்து வைத்துக்கொண்டாள். வாடகைக் காரில் மணமேல்குடி போனோம். வழியெல்லாம் வாசலைக் கூட்டணும், தண்ணி மோட்டார் ஓடுதான்னு பார்க்கணும் என்று பேசிக்கொண்டே வந்தாள்.

கடல் தண்ணீர் ஏறி வரும் என்று பயந்து அத்தான் அந்த வீட்டை உயரமாகக் கட்டியிருந்தார். வாசலில் ஐந்து படி. கைப்பிடி கிடையாது. வாக்கரை விட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். முதல் படி ஏறிவிட்டாள். இரண்டாவதில் நல்ல காலை வைத்து, மடங்காத காலை இழுத்து மேலே கொண்டுவர வெகுநேரம் ஆனது. மூன்றாவதைப் பார்த்தபடி நின்றாள். அவள் விரல்கள் என் தோளில் இறுகி, பிறகு தளர்ந்தன. "எறக்கி விடு" என்றாள். கீழே வந்ததும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, பூட்டியிருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பை காரிலிருந்து இறங்கவே இல்லை.

அப்போதுதான் சொன்னேன். எத்தனையோ நாள் மனதுக்குள் எழுதி எழுதித் திருத்தி வைத்திருந்ததை, ஒரு ஒழுங்குமில்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அக்கா, அன்னிக்கு டாக்டரு கேட்டப்ப நான் கட்டத் தெறக்கலைன்னு பொய் சொல்லிட்டேன். ஒன் காலு இப்புடி ஆனதுக்கு நான்தான் காரணம்."

அக்கா கதவிலிருந்து பார்வையை எடுத்து என் முகத்தைப் பார்த்தாள்.

"இதச் சொல்லத்தான் காலையிலேருந்து மூஞ்சிய அப்புடி வச்சிருந்தியா? நான் வயித்துக்குச் சரியில்ல போலன்னு நெனச்சேன். சரி விடு, வீட்டுக்குப் போயிப் பேசிக்குவோம். டிரைவர வண்டியத் திருப்பச் சொல்லு."